வாங்கில இருந்தே கோல் அடிச்ச சொல்ஸ்கியார் பற்றி ஆராவது வடிவாச் சொல்லுங்கோ, தம்பிக்குச் சொல்லோணும்

கடற்கரைவீதி:

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம், நாவாந்துறைப் பக்கம். எனக்குப் பந்தடி பெரிசாத் தெரியாது, பிழையா ஏதும் கேட்டா குறை நினைக்காதேங்கோ.

என்ர தம்பிக்கு 16 வயசு, போவேர்ட் விளையாடுறவன். சின்னனில இருந்து பள்ளிக்கூட ரீமில அவன்தான் கூடக் கோல் அடிக்கிறவன், அதைப் பாத்துட்டு இந்த வருசம் ஊர்க் கழகத்தின்ர பெரிய ரீமுக்கு எடுத்தவை. எடுத்தவுடன வீட்டில எல்லாருக்கும் சரியான சந்தோசம், அப்பா கடன்பட்டுப் புதுச் சப்பாத்து வாங்கிக் குடுத்தவர். ஆனா இண்டுவரைக்கும் ஒரு மட்சிலயும் முதல் பதினொண்டில விடேல்ல. கடைசிப் பத்து நிமிசம் விடுவினம், சில நாள் அதுவும் இல்லை. போன ஞாயிறு துரையப்பா மைதானத்தில மட்ச், அம்மா ஒருநாளும் வராதவ அண்டைக்கு வந்தவ, இவன் கோட்டுக்கு வெளியில ஓடி ஓடி உடம்பைச் சூடாக்கிப்போட்டு திரும்பி வந்து வாங்கில குந்தினவன்தான், மட்ச் முடிஞ்சுது. வீட்ட வந்து சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழ எறிஞ்சுபோட்டு இனிப் போகமாட்டன் எண்டு நிக்கிறான். நாலு நாள் ஆச்சு.

ஒஸ்லோவில இருக்கிற மாமா போனில சொன்னவர், சொல்ஸ்கியார் எண்ட நோர்வே ஆட்டக்காரரைப் பார் எண்டு சொல்லு, அந்தாள் வாங்கில இருந்துதான் ஐரோப்பாக் கப் எடுத்துக் குடுத்தது எண்டு. நான் போய்ச் சொன்னன். அதுக்கு இவன் சொல்லுறான் "அவர் சப், மாற்று ஆள் எண்டுதானே பேர் எடுத்தவர், நானும் கடைசிவரைக்கும் சப்பாவே இருக்கோணுமோ" எண்டு. எனக்குப் பதில் சொல்லத் தெரியேல்ல. அந்த மனுசன்ர கதை உண்மையில என்ன? அவர் எப்பவும் வாங்கிலதான் இருந்தவரோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, தம்பிக்கு விளங்கிற மாதிரி.

பழைய கோல்கீப்பர்:

தங்கச்சி, முதல்ல உங்கட தம்பி கேட்டது நல்ல கேள்வி. அவனில பிழை இல்லை.

நான் 1999ல ஏ எல் படிச்சுக்கொண்டிருந்தனான். அந்த மட்ச் எங்கட நேரத்துக்கு நடுச்சாமம் தாண்டித்தான் துவங்கினது, எங்கட வீட்டில அப்ப கரண்டும் இல்லை ரிவியும் இல்லை, விடிய றேடியோவில கேட்டுத்தான் தெரியும், கேட்டவுடன சைக்கிளை எடுத்துக்கொண்டு கூட்டாளி வீட்ட ஓடினனான். கன வருசத்துக்குப் பிறகுதான் முழு மட்சையும் வீடியோவில பாத்தனான், எத்தினை தரம் எண்டு கணக்கில்லை.

1999 மே 26, பார்சிலோனாவில, மன்செஸ்ரர் யுனைற்றட்டுக்கும் பயேர்ண் மியூனிக்குக்கும் சம்பியன்ஸ் லீக் இறுதி. ஆறாவது நிமிசத்திலயே பயேர்ணின்ர பாஸ்லர் பிறீ கிக்கில கோல் அடிச்சுப்போட்டார். யுனைற்றட்டுக்கு ரோய் கீனும் இல்லை ஸ்கோல்ஸும் இல்லை, ரெண்டு பேருக்கும் தடை. பயேர்ண் ரெண்டு தரம் கம்பத்தில அடிச்சது, அதில ஒண்டு உள்ளுக்குப் போயிருந்தா கதை முடிஞ்சுது. 81வது நிமிசம் அன்டி கோல் எண்ட போவேர்ட்டை வெளியில எடுத்துப்போட்டு சொல்ஸ்கியாரை விட்டவை. 90 தாண்டி ஷெரிங்ஹாம் ஒண்டு அடிச்சார், சமன். பேந்து ரெண்டு நிமிசத்தில இன்னொரு கோர்ணர். அந்தக் கோர்ணரையே இடது பக்கத்தால போய் எடுத்துக் குடுத்தது சொல்ஸ்கியார்தான், இதைக் கனபேர் கவனிக்கிறேல்ல. பெக்காம் அடிச்சார், ஷெரிங்ஹாம் தலையால தட்டினார், இந்தாள் வலது காலை நீட்டி வலையின்ர மேல்பக்கத்துக்கு ஏத்தினார். கோலி கோட்டில நிண்டபடி நிண்டது, ஒண்டும் செய்ய ஏலாது. நானும் கோலியா நிண்டவன், அந்த மாதிரிக் கிட்டத்தில இருந்து வாற பந்துக்குக் கை தூக்கக்கூட நேரம் வராது.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். எப்பவும் வாங்கிலதான் இருந்தவரோ? இல்லை. யுனைற்றட்டுக்கு 366 மட்ச், 126 கோல். அதில 150 மட்ச்தான் மாற்று வீரரா இறங்கினது. மிச்சம் 216 மட்ச் துவக்கத்தில இருந்து விளையாடினவர். பிறீமியர் லீக்கில மட்டும் பாத்தா 91 கோல், அதில சப்பா வந்து அடிச்சது 17. கன காலம் அதுதான் சாதனை, பேந்து டீஃபோ தாண்டினவர். ஆனா கணக்கைப் பாருங்கோ, 91ல 74 முதல் பதினொண்டில நிண்டு அடிச்சது. வந்த முதல் வருசமே, 1996-97, லீக்கில 18 கோல், அந்த ரீமில அந்த வருசம் கூட அடிச்சது அவர்தான். சப் எண்ட பேர் அந்த ஒரு இரவால வந்தது. தம்பிக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கோ.

ஒன்பதாம் நம்பர்:

அக்கா, பழைய ஆக்களின்ர கதையை விட்டுட்டு எர்லிங் ஹாலண்ட் எண்ட நோர்வே ஆட்டக்காரரைக் காட்டுங்கோ, தம்பின்ர வயசுக்கு அவரைத்தான் பிடிக்கும். இப்ப எல்லாரும் கோல் மெஷின் எண்டு சொல்லுற ஆள், 2022-23ல பிறீமியர் லீக்கில 36 கோல், ஆனா பிறீன எண்ட ஊர்க் கழகத்தில 15, 16 வயசில பெரிய ரீமில ஏறின நேரம் 16 லீக் மட்சில ஒரு கோல் கூட இல்லை. பூச்சியம். இதை வடிவாச் சொல்லுங்கோ அவனுக்கு. 2017ல 16 வயசில மொல்ட எண்ட கழகத்துக்குப் போனவர், அங்க ஆர் கோச் தெரியுமோ, உங்கட சொல்ஸ்கியார்தான். முதல் வருசம் லீக்கில ரெண்டு கோல்தான், அதிலயும் கனக்க மட்ச் பின்னாலதான் இறங்கினது. அடுத்த வருசம் 2018 யூலையில பிறான் எண்ட ரீமுக்கு எதிரா முதல் 21 நிமிசத்துக்குள்ள நாலு கோல்! அதுக்கு அடுத்த வருசம் 20 வயசுக்குட்பட்ட உலகக் கிண்ணத்தில ஹொண்டூராசுக்கு ஒரே மட்சில 9 கோல். 16 மட்ச் பூச்சியம் அடிச்ச அதே ஆள்.

உங்கட தம்பிக்கு இன்னும் கன காலம் இருக்கு அக்கா.

வடக்குக்கடல்:

நான் நோர்வேயில இருந்து எழுதுறன், 30 வருசத்துக்கு மேல ஆச்சு. வந்த புதுசில வடக்கில மீன் பக்ரறியில வேலை, பேந்து தெற்கால இறங்கி வந்தனான்.

முதல்ல பேர். சொல்ஸ்கியார் எண்டு இஞ்ச ஒருத்தரும் சொல்லுறேல்ல, சூல்ஷார் எண்டு சொல்லுவினம். ஊலெ குன்னார் சூல்ஷார். அவற்ற ஊர் கிறிஸ்ரியான்சுண்ட். நான் ஒருக்கா வேலை விசயமாப் போனனான். நாலைஞ்சு தீவில பரவிக் கிடக்கிற சின்ன ஊர், பாலத்தால தீவைத் தீவோட தொடுத்திருக்கினம், காத்து எண்டா நிண்டு கதைக்க ஏலாது. எங்கட தீவுப்பகுதி ஆக்களுக்கு அந்த ஊரைப் பாத்தா ஊர் ஞாபகம்தான் வரும். இன்னொண்டு, அந்த ஊர் கருவாட்டால வளர்ந்த ஊர். கொட் மீனைப் பிளந்து உப்புப் போட்டு பாறையில காயவிடுவினம், கிலிப்ஃபிஸ்க் எண்டு பேர், அந்தக் காலத்தில இருந்து ஸ்பெயின், போர்த்துக்கல் எல்லாம் ஏத்தினவை. நாவாந்துறையில பிறந்த பிள்ளைக்கு அது என்ன வேலை எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

அவற்ற தகப்பன் மல்யுத்தக்காரர், நோர்வே சம்பியன். மகன் பந்தடிக்குப் போனவர். கிளவுசனெங்கன் எண்ட ஊர்க் கழகம், கீழ் டிவிஷன், பாக்க வாறது சொந்தக்காரரும் அயலட்டையும்தான். அங்க 109 மட்சில 115 கோல் அடிச்சிருக்கிறார் எண்டு இஞ்ச எல்லாரும் சொல்லுவினம். மட்ச் ஒண்டுக்கு ஒண்டுக்கு மேல. அப்பிடி இருந்தும் பெரிய கழகம் ஒண்டும் கெதியா வந்து தூக்கேல்ல. ஹரைட எண்ட கோச் மொல்டவுக்குக் கொண்டுவந்த நேரம் அவருக்கு 22 வயசு ஆகப்போகுது. 22! இந்தக் காலத்துப் பெடியள் 18ல எடுபடேல்ல எண்டா முடிஞ்சுது எண்டு நினைக்குதுகள். மொல்டவில 1995ல 26 லீக் மட்சில 20 கோல். அடுத்த வருசம் யூலையில யுனைற்றட் 15 லட்சம் பவுணுக்கு வாங்கினது. அதே கோடையில யுனைற்றட் தேடித் திரிஞ்சது அலன் ஷியரரை, அவர் 150 லட்சத்துக்கு நியூகாசிலுக்குப் போட்டார். பத்தில ஒரு பங்கு காசுக்கு வந்த, இங்கிலாந்தில ஒருத்தரும் கேள்விப்படாத பெடியன், முதல் மட்சில பிளக்பேர்னுக்கு எதிரா இறங்கி ஆறு நிமிசத்தில கோல் அடிச்சவர்.

கடற்கரைவீதி:

எல்லாருக்கும் கனக்க நன்றி, நான் எல்லாத்தையும் அவனுக்கு வாசிச்சுக் காட்டினன். கருவாட்டுக் கதைக்கு அம்மாவும் வந்து பக்கத்தில இருந்து கேட்டவ. தம்பி ஹாலண்டின்ர 16 மட்ச் பூச்சியத்தை நம்பேல்ல, போனில தேடிப் பாத்துப்போட்டுப் பேசாமல் இருந்தவன். பேந்து கேட்டான், அந்த சூல்ஷாருக்குக் கோவம் வரேல்லையோ, வேற கழகத்துக்குப் போயிருக்கலாமே, ஏன் போகேல்ல எண்டு. இதுக்கும் ஆராவது சொல்லுவீங்களோ.

பழைய கோல்கீப்பர்:

போகச் சந்தர்ப்பம் வந்தது தங்கச்சி. 1998 கோடையில ரொட்டன்ஹாம் 55 லட்சம் பவுண் தாறம் எண்டு கேட்டவை, யுனைற்றட்டும் சரி எண்டு சொல்லிப்போட்டுது. அதாவது கழகமே விக்கத் தயார். இவர்தான் போகமாட்டன் எண்டு நிண்டவர். அப்ப அங்க அன்டி கோல், ஷெரிங்ஹாம் ரெண்டு பேரும் இருக்கினம், அதுக்கு மேல டுவைற் யோர்க்கையும் பெரிய காசுக்கு வாங்கினவை. நாலு போவேர்ட், இடம் ரெண்டு. எவனும் நாலாவதாத்தான் இவரை எண்ணுவான். அந்த வருசம்தான் யுனைற்றட் லீக், எஃப் ஏ கப், சம்பியன்ஸ் லீக் எண்டு மூண்டு கப்பும் எடுத்தது.

அதே வருசம் இன்னும் ரெண்டு மட்ச் இருக்கு. தை மாசம் எஃப் ஏ கப்பில லிவர்பூலுக்கு எதிரா, 90 நிமிசமும் தாண்டின பிறகு வெற்றிக் கோல். மாசி 6, நொட்டிங்ஹாம் பொறெஸ்ற், அவையின்ர மைதானம். 4-1 எண்டு ஏற்கனவே வெண்ட மட்ச், யோர்க்குக்குப் பதிலா இவரை விட்டவை, கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிசத்துக்குள்ள நாலு கோல். 8-1. வெண்ட மட்சில இறங்கிற ஆள் சும்மா ஓடிப்போட்டு வாறதுதான் வழக்கம், எங்கட கழகத்திலயும் அப்பிடித்தான், நான் கோலுக்க நிண்டு எத்தினை பேரைப் பாத்திருப்பன். தம்பியைக் கட்டாயம் இந்த நாலு கோலையும் பாக்கச் சொல்லுங்கோ. பலத்தை விட இடம் பாத்து வைச்சதுதான் கூட.

அதுக்குக் காரணம் அவர் வாங்கில என்ன செய்தவர் எண்டதுதான். அவரே பல தரம் சொல்லியிருக்கிறார், வெளியில இருந்து மற்ற ரீமின்ர பின்களத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறது எண்டு, எவன் களைக்கிறான், எவன் பந்து வரேக்க ஆளை விட்டுட்டுப் பந்தைப் பாக்கிறான், எந்தப் பக்கம் ஓட்டை எண்டு. யுனைற்றட் கோச் பெர்கசனும் இதைச் சொல்லியிருக்கிறார், எழுதிக்கூட வைப்பாராம். அப்ப அவர் இறங்கிற நேரம் மற்றவன் 80 நிமிசம் ஓடிக் களைச்சிருப்பான், இவர் 80 நிமிசம் படிச்சிருப்பார்.

கோவம் வரேல்லையோ எண்டு கேட்டதுக்கு, மனசுக்க என்ன இருந்தது எண்டு நான் எப்பிடிச் சொல்ல. ஆனா 1998 சித்திரையில நியூகாசிலோட மட்ச், அண்டைக்கும் சப்பாத்தான் வந்தவர். கடைசி நேரம் றொப் லீ தனியக் கோலைப் பாத்துப் போறார், சூல்ஷார் பின்னால துரத்திக்கொண்டு போய்க் காலை வைச்சு விழுத்தினவர். சிவப்பு மட்டை எண்டு தெரிஞ்சே செய்தது. அந்த ஓட்டத்தை நான் பாத்திருக்கிறன், செய்தது பிழை, ஆனா வாங்கில இருத்தினதுக்குக் கோவத்தில இருக்கிறவன் ரீமுக்காக அந்த ஓட்டம் ஓடமாட்டான்.

மத்தியகளம்:

எல்லாரும் எழுதினதை வாசிச்சன். நான் கொஞ்சம் வேற மாதிரிச் சொல்லப்போறன், கோவிக்காதேங்கோ. நான் கிளிநொச்சிப் பக்கம் சின்னப் பெடியளைப் பழக்கிறனான்.

பொறுமையா இரு, சூல்ஷாரும் வாங்கில இருந்தவர்தானே எண்டு ஒரு 16 வயசுப் பெடியனுக்குச் சொல்லுறது பிழை எண்டு நினைக்கிறன். ஏன் எண்டா சூல்ஷார் 16 வயசில வாங்கில இருக்கேல்ல. மேல வடக்குக்கடல் அண்ணை எழுதினதைத் திருப்பி வாசியுங்கோ. கிளவுசனெங்கனில 109 மட்ச், பேந்து மொல்டவில முழு சீசன். அந்த வயசு முழுக்க, 17ல இருந்து 23 வரைக்கும், கிழமைக்குக் கிழமை விளையாடிக்கொண்டிருந்தவர், சின்னக் கழகம், கீழ் டிவிஷன், அதைப் பற்றி யோசிக்கேல்ல. நூறுக்கு மேல கோல் அடிச்சு கால் பழகின பிறகு, 25, 26 வயசில உலகத்தின்ர பெரிய ரீம் ஒண்டில வாங்கில இருந்தவர். அந்த வாங்கில இருந்து எழும்பி வந்து ஒரு பந்தில கோல் அடிக்கக்கூடியதா இருந்தது, முதல் அடிச்ச அந்த நூத்துக்கணக்கான கோலாலதான். ஹாலண்டும் அப்பிடித்தான், கோல் இல்லாட்டியும் பிறீன அவரை விளையாட விட்டது.

எங்கட பக்கம் நடக்கிறது என்ன எண்டா, நல்லா விளையாடுற சின்னப் பெடியனைப் பெரிய ரீமுக்கு எடுத்துப்போட்டு ஆட்டம் குடுக்கிறேல்ல, அவன்ர வயசு ரீமிலயும் விடுறேல்ல. ஒரு வருசம் வீணாப் போகும். நான் பழக்கின ரெண்டு பெடியள் அப்பிடியே விட்டுட்டுப் போனதுகள், ஒருத்தன் இப்ப பந்தையே தொடுறேல்ல. அதை நினைச்சா இண்டைக்கும் எனக்கு மனசு சரியில்லை, அப்பவே போய்க் கதைச்சிருக்கோணும்.

அதால அக்கா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் கோச்சோட கதையுங்கோ. சண்டைக்கு இல்லை. பெரிய ரீமோட பயிற்சி செய்யட்டும், ஆனா 17 வயசு ஆட்டங்களுக்கும் ஊர்களில நடக்கிற ஒன்பது பேர் சுற்றுப்போட்டிகளுக்கும் இவனை விடுங்கோ எண்டு கேளுங்கோ. பெரிய ரீமில பத்து நிமிசம் கிடைச்சாலும் நல்லது, ஆனா கிழமையில ஒரு முழு மட்ச் கட்டாயம் வேணும்.

வடக்குக்கடல்:

தம்பி மத்தியகளம் சொல்லுறது முழுக்கச் சரி. நான் பேரைப் பற்றியும் ஊரைப் பற்றியும் எழுதினனே தவிர இதை யோசிக்கேல்ல. இஞ்ச நோர்வேயில சின்னப் பிள்ளையள் ஆட்டத்தில எல்லாருக்கும் விளையாட நேரம் குடுக்கோணும் எண்டதில கண்டிப்பா இருப்பினம், என்ர மகள் விளையாடின காலத்தில வெண்டாலும் தோத்தாலும் ஒரு பிள்ளையும் முழு மட்ச் வெளியில இருந்ததை நான் காணேல்ல.

இன்னொண்டும் சொல்லோணும், அவற்ற முழங்கால். 2003 புரட்டாதியில பனாதினைகோஸ் எண்ட கிரேக்கக் கழகத்தோட மட்சில அடிபட்டது, அதுக்குப் பிறகு ஒப்பரேசன், 2004-05 சீசன் முழுக்க ஒரு மட்சும் இல்லை. அதுக்கு முதல் வருசம்தான் வலது பக்கத்தில போட்டு முதல் பதினொண்டில நிறைய விளையாடினவர், இடம் ஒருவழியாக் கிடைச்ச நேரம் கால் போச்சு. கனபேர் முடிஞ்சுது எண்டுதான் சொன்னவை. 2006 ஆவணியில சார்ல்டனுக்கு எதிரா கோல் அடிச்ச அண்டைக்கு நான் வேலையில இருந்தனான், கூட வேலை செய்த நோர்வேக்காரர் ஒருத்தர், ஒருநாளும் சத்தமாக் கதைக்காத மனுசன், கன்ரீனில எழும்பி நிண்டு கை தட்டினவர். அந்த சீசன் பிறீமியர் லீக் பட்டமும் எடுத்துப்போட்டு 2007 ஆவணியில விளையாட்டை விட்டவர். 34 வயசு. பேந்து மொல்டவுக்குக் கோச்சாப் போய் 2011ல முதல் தரமா அவைக்கு நோர்வே லீக் பட்டம் எடுத்துக் குடுத்தவர், கழகம் துவங்கி நூறாவது வருசம் அது.

கடற்கரைவீதி:

நேற்றுப் பின்னேரம் அப்பாவும் நானும் போய்க் கதைச்சனாங்கள். கோச் கோவப்படேல்ல, நல்லாத்தான் கதைச்சவர், பெடியன் சின்ன உடம்பு, பெரியாக்கள் அடிச்சுப்போடுவினம் எண்டு பயந்துதான் விடேல்ல எண்டு சொன்னவர். எங்களுக்கு இது தெரியாது, தம்பிக்கும் ஒருத்தரும் சொல்லேல்ல. இனி 17 வயசு ஆட்டத்துக்கு விடுறன் எண்டு சொல்லியிருக்கிறார். தம்பி சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழ இருந்து எடுத்துக் கழுவி வெயிலில வைச்சிருக்கிறான். அந்தப் பொறெஸ்ற் மட்சை ஏழெட்டுத் தரம் பாத்திட்டான்.

இப்ப புதுப் பிரச்சினை, இவனுக்கு இடது கால் வராதாம், சூல்ஷார் ரெண்டு காலாலயும் அடிக்கிறாராம், எப்பிடிப் பழகிறது எண்டு என்னைப் போட்டுக் கேக்கிறான். எனக்கென்ன தெரியும்.

பழைய கோல்கீப்பர்:

அதுக்கு வீடியோ பாத்து வேலையில்லை. சுவரில அடிச்சு அடிச்சுத்தான் பழகோணும். முதல்ல ஐஞ்சு யார் தூரத்தில நிண்டு இடது காலின்ர உள்பக்கத்தால மெதுவா, பந்து திரும்பி வரேக்கயும் இடதாலதான் நிப்பாட்டோணும், நாளுக்கு நூறு. ரெண்டு கிழமைக்குப் பிறகு தூரத்தைக் கூட்டலாம். பலமா அடிக்க விடாதேங்கோ, முதல்ல நேராப் போகட்டும்.

நான் வியாழக்கிழமையில பின்னேரம் ஐஞ்சு மணிக்குப் பிறகு முனியப்பர் கோயிலடியில நிப்பன், அங்கால வெளியில பெடியள் விளையாடுவினம். அப்பாவோட வரச் சொல்லுங்கோ, ஒரு பந்தும் கொண்டுவரட்டும். நான் கோலுக்க நிக்கிறன், அவன் இடது காலால மட்டும் அடிக்கட்டும்.

கடற்கரைவீதி:

ஓம் அண்ணை, வியாழன் அப்பாவுக்குத் தொழில் இல்லை, ரெண்டு பேரும் வருவினம். பந்துக்குக் காத்து அடிக்கக் குடுத்திருக்கு.